கென்யாவில் பறவை பார்க்க எந்த ஏரி, எந்தக் காடு?

கென்யாவுக்குப் பறவை பார்க்கப் போக நினைக்கும் பெரும்பாலோர் மனத்தில் முதலில் எழுவது நகுரு ஏரிதான். கரையெங்கும் இளஞ்சிவப்புக் கரை போட்ட வேட்டிபோல் பூநாரைகள் நெருக்கி நிற்கும் அந்தக் காட்சி நாட்காட்டிகளிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் அரை நூற்றாண்டாக வந்துகொண்டிருக்கிறது. அந்தப் படம் பொய்யன்று, ஆனால் பழையது. பத்து நாள் விடுப்பும், வண்டிக்கும் தங்குமிடத்துக்கும் செலவிட ஓரளவு பணமும், ஊர் ஏரி குளங்களில் பறவை பார்த்துப் பழகிய கண்ணும் உள்ள ஒருவர் முதல் முறையாகக் கென்யாவுக்குப் போவதானால் எந்த இடத்துக்கு எத்தனை நாள் ஒதுக்கலாம் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நகுருவுக்கு ஒரு நாள் போதும்; பயணத்தின் நடுநாயகமாக இருக்கத் தகுந்த இடம், பெயர் அதிகம் அடிபடாத பரிங்கோ ஏரி. அந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதையும், யாருக்கு அது பொருந்தாது என்பதையும் கீழே விளக்குகிறேன்.

கென்யாவின் பரப்பு இந்தியாவின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இருந்தும் இந்தியா முழுவதிலும் பதிவான 1,300-க்கும் மேற்பட்ட இனங்களுக்குச் சற்றே குறைவாக, ஏறத்தாழ 1,100 பறவையினங்கள் அங்கே பதிவாகியுள்ளன. நிலநடுக்கோட்டின் மேல் கிடக்கும் அந்த நாட்டில் இந்தியப் பெருங்கடற்கரையில் தொடங்கி 5,199 மீட்டர் உயரமுள்ள கென்யா மலை வரை எல்லா உயரமும் உண்டு. மேற்கே காங்கோ காட்டின் கடைசிக் கிளையும், வடகிழக்கே சோமாலிய வறள்நிலமும், நடுவே வடக்குத் தெற்காக நாட்டைப் பிளந்து செல்லும் பெரும்பிளவுப் பள்ளத்தாக்கும் உண்டு. 1986 நவம்பரில் மூவர் கொண்ட குழு ஒன்று ஒரே நாளில், 24 மணி நேரத்துக்குள், இந்த நாட்டில் 342 இனங்களைப் பார்த்து உலக சாதனையாகப் பதிவு செய்தது. சாதனை நமக்கு வேண்டாம். ஆனால் அதிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. ஒரே இடத்தில் அமர்ந்திருந்து அந்த எண்ணிக்கையை எவரும் எட்டவில்லை. நிலவகை மாறும்போது பறவைப் பட்டியலும் அடியோடு மாறிவிடுகிறது. ஆகவே ஓர் இடத்தை அதன் மொத்த இன எண்ணிக்கையை வைத்து மதிப்பிடுவதைவிட, அங்கிருந்து அரை நாள் பயணத்துக்குள் எத்தனை வகை நிலங்களைத் தொட முடியும், வண்டியை விட்டு இறங்கி நடக்க முடியுமா என்ற இரண்டையும் வைத்து மதிப்பிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பூநாரை ஏரிகள்: நகுருவும் பொகோரியாவும்

நைரோபியிலிருந்து வடமேற்கே சுமார் 160 கி.மீ. தொலைவில், நகுரு நகரத்தை ஒட்டியே நகுரு ஏரி தேசியப் பூங்கா இருக்கிறது. 1990-இல் ஈரநிலப் பாதுகாப்புக்கான சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் கென்யாவின் முதல் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டதும், 2011-இல் பொகோரியா, எலமென்டைட்டா ஆகிய ஏரிகளோடு சேர்ந்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டதும் இந்த ஏரிதான். இதன் புகழுக்கெல்லாம் காரணமான சிறு பூநாரை, நம் புலிக்காட்டிலும் கோடியக்கரையிலும் கூட்டமாக வரும் பெரும் பூநாரையிலிருந்து உணவில் வேறுபட்டது. பெரும் பூநாரை சேற்றைக் கலக்கி அதிலுள்ள சிறு உயிர்களை வடிகட்டி உண்கிறது. சிறு பூநாரையோ நீரின் மேற்பரப்பில் மிதக்கும் நுண்பாசியை, குறிப்பாக ஸ்பைருலினா என்று கடைகளில் மாத்திரையாக விற்கப்படும் வகையைச் சேர்ந்ததை, வடிகட்டி உண்கிறது. அந்தப் பாசி செழிக்கக் காரமும் உப்பும் மிகுந்த நீர் வேண்டும். நீர் நீர்த்துப்போனால் பாசி குறையும்; பாசி குறைந்தால் பறவை வேறு ஏரி தேடிப் போய்விடும்.

நகுருவில் நடந்தது இதுவே. 2010-க்குப் பிறகு பிளவுப் பள்ளத்தாக்கின் ஏரிகள் அனைத்திலும் நீர்மட்டம் ஏறத் தொடங்கியது. நகுரு ஏரி ஆழம் குறைந்த தட்டுப் போன்றது என்பதால், சுமார் 40 சதுர கி.மீ. இருந்த அதன் பரப்பு பத்தாண்டுகளுக்குள் 60-ஐத் தாண்டிப் பரவி, பூங்காவின் பழைய முதன்மை வாயிலையும் கரையோரச் சாலைகளையும் மஞ்சள் பட்டை வேலமரக் காட்டின் ஒரு பகுதியையும் விழுங்கிவிட்டது. கிழக்காப்பிரிக்காவின் காரமும் உப்பும் மிகுந்த 22 சோடா ஏரிகளைச் செயற்கைக்கோள் படங்களின் வழியே ஆராய்ந்து 2024-இல் வெளியான ஆய்வு ஒன்றும், நீர்மட்டம் ஏறிய ஏரிகளில் இந்தப் பாசி குறைந்துவருவதையே காட்டுகிறது. வறண்ட ஆண்டுகளில் பூநாரைகள் நகுருவுக்குத் திரும்பி வருவதும் உண்டு. ஆனால் ஆறு மாதத்துக்கு முன்பே விமானச் சீட்டு எடுப்பவர் அதை நம்பி எடுக்கலாகாது.

அப்படியானால் நகுருவை விட்டுவிடலாமா என்றால், அதுவும் வேண்டாம். பூநாரைக்குக் கெடுதலான நீர் மற்றவற்றுக்கு நல்லதாயிற்று. முன்பு கொசுப் புழுவைக் கட்டுப்படுத்துவதற்காக மகாடி ஏரியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட சிறு திலாப்பியா மீனே வெண் கூழைக்கடாக்களை இங்கே ஈர்த்தது. இப்போது நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் மீன்கழுகுகளும் சேர்ந்துகொண்டுள்ளன. நீரில் மூழ்கிப் பட்டுப்போன வேலமரங்கள் எலும்புக்கூடுகள்போல் வரிசையாக நிற்க, அவற்றின் கிளைதோறும் நீர்க்காகங்கள் சிறகு விரித்துக் காயும் காட்சி பழைய இளஞ்சிவப்புப் படத்துக்கு ஈடாகாது என்றாலும் தனக்கென ஓர் அழகு உடையது. இதோடு காண்டாமிருகத்தை ஏறத்தாழ உறுதியாகப் பார்க்கக்கூடிய இடம் என்பதால், பறவையில் அவ்வளவு ஆர்வமில்லாத குடும்பத்தாரும் உடன் வருகிறார்கள் என்றால் நகுரு கைகொடுக்கும். குறை என்னவென்றால் குறிப்பிட்ட சில இடங்களைத் தவிர வண்டியை விட்டு இறங்கக் கூடாது. இன்ஜின் சத்தத்தோடும் கூரைத் திறப்போடும் பார்ப்பதைத்தான் பார்க்கலாம்.

பொகோரியா வேறு வகை. நகுருவிலிருந்து வடக்கே நிலநடுக்கோட்டைக் கடந்து, வெப்பம் ஏற ஏற, இரண்டு மணி நேரம் போல வண்டியில் சரிவிறங்கிச் சென்றால் செங்குத்தான மலைச்சுவரின் காலடியில் நீளவாக்கில் கிடக்கும் இந்த ஏரி வரும். நகுருவைவிட ஆழமானது, கரையில் வெந்நீர் ஊற்றுகள் கொதித்துப் பீறிடுகின்றன. இங்கும் நீர் ஏறி ஊற்றுகளில் பலவற்றையும் கரையோரச் சாலையையும் மூழ்கடித்திருக்கிறது. ஆயினும் அதன் காரத்தன்மை நகுருவினது போல் ஒரேயடியாக நீர்த்துப்போகவில்லை. அதனால் சிறு பூநாரைகளைத் தேடிப் போகிறவருக்குக் கென்யாவின் எல்லைக்குள் பொகோரியாவே நம்பகமான முதல் தேர்வு. ஊற்றுநீர் ஏரியில் கலக்கும் வாய்களில் பூநாரைகள் குடிக்கவும் குளிக்கவும் வந்து கூடும். மீனில்லாத இந்த ஏரியில் ஆப்பிரிக்க மீன்கழுகுகள் பூநாரைகளையே வேட்டையாடக் கற்றுக்கொண்டிருக்கின்றன. கழுகு ஒன்று தாழப் பறந்ததும் அத்தனை பறவைகளும் ஓர் அலைபோல் எழுந்து அமர்வதைப் பார்ப்பவர் கேமராவை மறந்துவிடுவார். முக்கியமான இன்னொன்று, இங்கே இறங்கி நடக்கலாம், மிதிவண்டியும் ஓட்டலாம்.

எலமென்டைட்டாவைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. நைவாஷாவுக்கும் நகுருவுக்கும் இடையே நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும் சிறிய சோடா ஏரி. பாறைத் தீவுகளில் வெண் கூழைக்கடாக்கள் கூடுகட்டிக் குஞ்சு பொரித்து, இரைக்கு அண்டை ஏரிகளுக்குப் பறந்துபோய் வருகின்றன. வழியில் இரண்டு மணி நேரம் நின்று பார்ப்பதற்கு உகந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பூநாரைகள் எந்த ஏரிக்கும் சொந்தமானவை அல்ல. அவை முட்டையிடுவது எல்லைக்கு அப்பால் தான்சானியாவின் நேட்ரான் ஏரியில். மற்ற நாட்களில் பாசி செழித்த ஏரியைத் தேடி இரவோடு இரவாக இடம் மாறுகின்றன. ஆகவே நகுருவா, பொகோரியாவா என்பதைப் புறப்படும் வாரத்தில், அப்பகுதி வழிகாட்டி ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டு முடிவு செய்வதே அறிவுடைமை. இரண்டுக்கும் நடுவில் தங்குபவருக்கு அந்த வசதி தானாகவே வாய்க்கும்.

நன்னீர் ஏரிகள்: நைவாஷாவும் பரிங்கோவும்

பள்ளத்தாக்கின் ஏரிகளில் பெரும்பாலானவை உப்பும் காரமும் நிறைந்தவையாக இருக்க, நைவாஷாவும் பரிங்கோவும் மட்டும் நன்னீர் ஏரிகள். பறவைப் பட்டியல் நீள வேண்டும் என்பவருக்கு உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

நைவாஷாவின் முதல் பலம் அதன் அருகாமை. நைரோபியிலிருந்து 90 கி.மீ. அளவு, காலையில் கிளம்பினால் பதினொரு மணிக்குப் படகில் இருக்கலாம். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மதிய வெயிலிலும் காற்று இதமானது; இரவில் கம்பளி வேண்டியிருக்கும். படகுக்காரர்கள் சீழ்க்கையடித்து மீனை எறிய, மீன்கழுகு கிளையிலிருந்து பாய்ந்து எடுத்துச் செல்லும் காட்சி இங்கே ஏறத்தாழ ஒரு மேடை நாடகமாகிவிட்டது. படம் நன்றாக வரும். எனக்கென்னவோ அதில் கோவில் யானைக்குப் பழம் கொடுப்பதன் சாயல் தெரிகிறது. நாடகத்தை விட்டுக் கோரைக்கரைகளின் ஓரமாகப் படகை மெதுவாக ஓட்டச் சொன்னால் ஆப்பிரிக்க இலைக்கோழி, மலாக்கைட் மீன்கொத்தி, நமக்குப் பழக்கமான அதே கருப்பு வெள்ளை மீன்கொத்தி, நாரை வகைகள் எனத் தொடர்ந்து வரும். பூப்பண்ணைகளும் விடுதிகளும் கரையை நெருக்கிவிட்டதும், பாபிரஸ் கோரைத் திட்டுகள் சுருங்கிவிட்டதும், படகுகளின் நெரிசலும் இதன் குறைகள். நீர்யானைகள் உண்டு, ஆதலால் மாலையில் கரையோரம் தனியே நடப்பது கூடவே கூடாது.

நைவாஷாவின் உண்மையான துருப்புச்சீட்டு ஏரியன்று. தெற்கே ஒட்டியிருக்கும் ஹெல்ஸ் கேட் பூங்கா. 1984-இல் நிறுவப்பட்ட, 68 சதுர கி.மீ. மட்டுமே உள்ள இந்தச் சிறு பூங்காவில் மிதிவண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வரிக்குதிரைகளுக்கும் மான்களுக்கும் நடுவே ஓட்டிச் செல்லலாம். செங்குத்துப் பாறைகளில் ரப்பல் பாறுகளும் வெரோ கழுகும் கூடுகட்டுகின்றன. உழவாரன்கள் பாறைவெடிப்புகளுக்குள் புகுந்து புறப்படும் விசிறல் ஓசை காதருகே கேட்கும். புவிவெப்ப மின்நிலையத்தின் குழாய்கள் நிலக்காட்சியின் குறுக்கே ஓடுவது மட்டும் சிலர் கண்ணை உறுத்தும்.

இப்போது பரிங்கோ. நைரோபியிலிருந்து 280 கி.மீ. அளவு, நகுருவரை நெடுஞ்சாலை, பிறகு மரிகாட் வழியாக வடக்கே. ஏரி கிட்டத்தட்ட 1,000 மீட்டர் உயரத்தில்தான் இருப்பதால் நல்ல வெப்பம். முள்மரமும் செம்மண்ணும் கல்லும் கலந்த வறள்நிலத்தின் நடுவே காவி நிறத்தில் கிடக்கிறது. இல் சாமுஸ் இன மீனவர்கள் நெட்டி போன்ற எடை குறைந்த அம்பாச் மரத்தைக் கட்டிச் செய்த சிறு மிதவையில் அமர்ந்து, கையில் சிறு துடுப்புகளோடு மீன்பிடிக்கப் போவார்கள். ஏரியைச் சுற்றி 450-க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியுள்ளன. ஆயினும் பரிங்கோவை நான் முன்னே வைப்பதற்கு அந்த எண் காரணமன்று. இங்கே மூன்று நிலங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன: ஏரி, அதன் கரையிலுள்ள முள்காடு, மேற்கே ஓரிரு கி.மீ. தொலைவிலேயே எழும் எரிமலைப் பாறைச் சுவர். காலையில் ஏரியில் ஆளுயரக் கோலியாத் நாரையையும் கருமை படர்ந்த முகமுடைய வடக்குத் தூக்கணாங்குருவியையும் பார்த்தவர், பத்து மணிக்குப் பாறையடியில் ஹெம்ப்ரிக் இருவாச்சியையும் வெரோ கழுகின் கூட்டையும் முட்கொண்டை மைனாவையும் பார்க்கலாம். மாலையில் முள்காட்டில் கல்குருவிகளைத் தேடலாம்.

இவை எல்லாவற்றினும் பெரியது, கம்பி யா சமாகி என்னும் கரையோர ஊரில் தலைமுறையாக வளர்ந்துள்ள வழிகாட்டிகளின் கண். பகலில் ஆந்தையும் இரவுப் பறவையான பக்கியும் எந்த மரத்தில், எந்தப் புதரடியில் அமர்ந்து தூங்குகின்றன என்பதை இவர்கள் அன்றாடம் கணக்கு வைத்திருக்கிறார்கள். வெண்முக ஆந்தை ஒன்று முள்மரத்தின் நடுக்கிளையில் பட்டையோடு பட்டையாக ஒட்டி நிற்பதைப் பத்தடி தொலைவில் சுட்டிக்காட்டிய பிறகும் கண்டுபிடிக்க நமக்கு ஒரு நிமிடம் பிடிக்கும். பெரிய பூங்காக்களில் ஓட்டுநரே வழிகாட்டியாகவும் இருப்பார். அவருக்குச் சிங்கம் தெரியும், கதிர்க்குருவி தெரிய வேண்டும் என்ற கட்டாயமில்லை. பரிங்கோவில் நீங்கள் பணம் கொடுப்பது நேராகக் கதிர்க்குருவி தெரிந்தவருக்கு.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. நீர் ஏற்றத்தில் இங்கே கரையோர விடுதிகளும் வீடுகளும் பள்ளிகளும் மூழ்கிவிட்டன. முன்பு பார்த்தவர்கள் கொடுக்கும் விடுதிப் பெயர் இப்போது நீருக்கடியில் இருக்கக்கூடும். தங்கும் வசதி எளிமையானது. கொசு மிகுதி, மலேரியா உண்டு. முதலையும் நீர்யானையும் உண்டு. ஏரிக்கு வடக்கிலும் கிழக்கிலும் கால்நடைத் திருட்டும் அதையொட்டிய மோதல்களும் அவ்வப்போது நடப்பதால், அந்த வாரத்து நிலைமையை விசாரிக்காமல் ஏரிக்கு அப்பால் போகக் கூடாது. கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கும் வெப்பம் ஒத்துக்கொள்ளாத முதியவர்களுக்கும் நைவாஷாவே பொருத்தம் என்பதில் எனக்கு ஐயமில்லை. மற்றவர்களுக்கு, பரிங்கோவிலிருந்து பொகோரியாவுக்குக் காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்ற ஒன்றே தராசின் தட்டைத் தாழ்த்திவிடும்.

காடுகள்: ககமேகாவும் அரபுகோ-சொகோக்கேவும்

ஏரிகளை ஒப்பிட்டதைப் போல இந்த இரண்டு காடுகளை ஒப்பிட முடியாது; ஒன்று நாட்டின் மேற்குக் கோடி, மற்றது கிழக்குக் கடற்கரை. ஒரே பயணத்தில் இரண்டையும் நுழைக்க முயல்பவர் பறவையைவிடத் தார்ச்சாலையையே அதிகம் பார்ப்பார்.

ககமேகா, காங்கோவிலிருந்து ஒரு காலத்தில் தொடர்ந்து வந்த மழைக்காட்டின் கிழக்குக் கோடியில் எஞ்சிய துண்டு. கென்யாவில் வேறெங்கும் எளிதில் காண முடியாத பெரும் நீல டுராக்கோ, நீலத்தலைப் பஞ்சுருட்டான், கருப்பு வெள்ளை இருவாச்சி எனப் பட்டியல் நீள்கிறது. ஆனால் மழைக்காட்டில் பறவை பார்ப்பது ஏரிக்கரையில் பார்ப்பது போலன்று. நூறடி உயர விதானத்தில் இலைக்குப் பின்னால் ஏதோ அசையும், கழுத்து வலிக்கும், குரலை வைத்துத்தான் பெயர் சொல்ல வேண்டும். வால்பாறை, தட்டேக்காடு போன்ற நம் காடுகளில் நடந்து பழகியவருக்கு இந்தப் பொறுமை இருக்கும், அவருக்கு ககமேகா சொர்க்கம். பழகாதவருக்கு இரண்டாம் நாளே சலிப்புத் தட்டும். பிற்பகல்களில் மழை பெய்வது வழக்கமாதலால் விடியற்காலையை வீணாக்காமல் காட்டுக்குள்ளேயே தங்குவது நல்லது. நைரோபியிலிருந்து கிசுமுவுக்கு விமானத்தில் போய் அங்கிருந்து சாலை வழியே செல்பவர்கள், கிசுமுவை ஒட்டி விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள துங்கா சதுப்பில் ஒரு காலைப்பொழுது படகில் போனால், கருஞ்சிவப்பு மார்பும் மஞ்சள் உச்சியும் கொண்ட பாபிரஸ் கொனோலெக் என்னும் கோரைக்காட்டுக் கீச்சானையும் பார்க்க வாய்ப்புண்டு.

அரபுகோ-சொகோக்கே கடற்கரை ஊரான வாட்டமுவை ஒட்டி, 420 சதுர கி.மீ. அளவில் எஞ்சியிருக்கும் உலர்காடு. இங்கே மண்ணின் நிறம் பார்த்துப் பறவை தேட வேண்டும்: செம்மண்ணில் வளரும் அடர்ந்த சைனோமெட்ரா காட்டில் உள்ளங்கை அளவே உள்ள சொகோக்கே சின்ன ஆந்தை; வெண்மணலில் வளரும் பிராக்கிஸ்டீஜியா மரங்களில் கிளார்க் தூக்கணாங்குருவியும் சொகோக்கே நெட்டைக்காலியும். இந்த ஆந்தை அறிவியலுக்குத் தெரியவந்ததே 1960-களின் நடுவில். அந்தத் தூக்கணாங்குருவி கென்யாவின் இந்தக் கடற்கரைப் பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை, அதன் கூடு முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 2013-இல்தான். மாலையில் பக்கத்திலுள்ள மிடா கழிமுகத்தில் அலை இறங்கும்போது, தனுஷ்கோடிப் பக்கத்திலும் மன்னாரிலும் நாம் தேடித் திரியும் நண்டுதின்னி உள்ளான் கூட்டமாக நிற்கும். எண்ணிக்கை குறைவு, அருமை அதிகம். உலகில் வேறெங்கும் இல்லாத பறவையைப் பார்க்க வேண்டும் என்ற தாகம் ஏறியவருக்கான இடம் இது. முதல் பயணத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புல்வெளிப் பூங்காக்கள்

மசாய் மாராவும் அம்போசெலியும் பறவைக்கும் நல்ல இடங்கள்தாம். மாராவில் செக்ரட்டரி பறவையும் தரை இருவாச்சியும் பாறுகளின் கூட்டமும், அம்போசெலியின் சதுப்பில் முடிக்கொக்கும் நீண்ட விரல் ஆள்காட்டியும் உறுதியாக உண்டு. ஆனால் அங்கே கட்டணமும் தங்குமிடமும் விலங்குக்காக நிர்ணயிக்கப்பட்டவை. ஒரு சிறு குருவிக்காக வண்டியை நிறுத்தச் சொன்னால் உடன் வருபவர்கள் முகம் சுளிப்பார்கள். புல்வெளிப் பூங்கா ஒன்று கட்டாயம் வேண்டும் என்றால் நான் வடக்கே சம்புருவைச் சொல்வேன். கழுத்தில் நீலச் சரிகை தொங்குவது போன்ற கழுகுத்தலைக் கினிக்கோழி, நீலக்கால் சோமாலியத் தீக்கோழி, பொன்மார்பு மைனா ஆகியவை மாராவில் கிடைக்காதவை. அவையே அந்தத் தூரத்துக்கு நியாயம் செய்யும்.

நைரோபி தேசியப் பூங்காவை யாரும் இந்தப் போட்டியில் சேர்ப்பதில்லை. தலைநகரின் விளிம்பில், 117 சதுர கி.மீ. பரப்பில், 1946-இல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக ஏற்பட்ட இது, விமானம் இறங்கிய மறுநாள் காலைக்கு உகந்தது. கோரி கானமயிலையும் தீக்கோழியையும் பின்னணியில் அடுக்குமாடிகளோடு பார்க்கும் விசித்திரம் வேறெங்கும் கிடைக்காது. அன்று புதன்கிழமையாக இருந்தால் இன்னொரு வாய்ப்பு: நேச்சர் கென்யா அமைப்பினர் தேசிய அருங்காட்சியகத்திலிருந்து கிளம்பி நடத்தும் காலைப் பறவை நடை. நாட்டின் பறவை நிலவரம் அனைத்தும் அறிந்தவர்கள் அங்கே ஒரே இடத்தில் கிடைப்பார்கள். பூநாரைகள் இந்த வாரம் எந்த ஏரியில் என்ற கேள்விக்கு அதைவிட நல்ல விசாரணைக் கூடம் இல்லை.

எப்போது போவது, எதற்குச் செலவாகும்

வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் அக்டோபரிலிருந்து ஏப்ரல்வரை இருக்கும். அக்காலத்தில் கென்யாவின் வானில் தகைவிலான்களையும் கரையில் உள்ளான்களையும் மஞ்சள் வாலாட்டிகளையும் பார்க்கும்போது, குளிர்காலத்தில் நம் ஊர் வயல்களுக்கு வருபவற்றின் சுற்றம்தானே இவை என்று தோன்றும். நாகாலாந்தில் இலட்சக்கணக்கில் தங்கிச் செல்லும் அமூர் வல்லூறுகள் அரபிக்கடலைக் கடந்து நவம்பர், டிசம்பரில் தென்கிழக்குக் கென்யாவின் சாவோ பூங்காக்கள் வழியாகத் தெற்கே போகின்றன. அதே மாதங்களில் மேற்குச் சாவோவின் நுலியா குன்றில், நிலவில்லாத பனிமூட்ட இரவுகளில் விளக்கொளிக்கு இறங்கும் வலசைப் பறவைகளின் காலில் 1969-இலிருந்து அடையாள வளையமிட்டு வருகிறார்கள்.

பெருமழை மார்ச் முதல் மே வரை. சிறுமழை அக்டோபர் இறுதி முதல் டிசம்பர் வரை. நம் பள்ளிக் கோடைவிடுமுறையான மே மாதத்தில் போகிறவர்களுக்கு வலசைப் பறவைகள் இரா, மண்சாலைகள் சேறாகும். ஆனால் தூக்கணாங்குருவி இனங்களின் ஆண்கள் முழு மணக்கோலத்தில் இருக்கும், விடுதி வாடகையும் குறையும். ஜூலை முதல் செப்டம்பர் வரை சாலைகள் காய்ந்திருக்கும், ஆனால் மாராவின் விலங்கு வலசையைப் பார்க்க வரும் கூட்டத்தால் எல்லாவற்றின் விலையும் ஏறியிருக்கும். பறவைக்கு மட்டும் போகிறவருக்கு ஜனவரி, பிப்ரவரி மாதங்களே உத்தமம். வலசைப் பறவைகளும் இருக்கும், மழையும் விட்டிருக்கும்.

செலவில் பெரும்பங்கை விழுங்குவது ஓட்டுநரோடு கூடிய வண்டி வாடகையே. நான்கு பேர் சேர்ந்தால் அது தாங்கக்கூடியதாகிறது. தேசியப் பூங்காக்களின் கட்டணம் வெளிநாட்டவருக்குப் பன்மடங்கு. அதை வாயிலில் பணமாக வாங்குவதில்லை, அரசின் இணையத் தளத்தில்தான் செலுத்த வேண்டும். பரிங்கோவிலோ படகுக்காரருக்கும் வழிகாட்டிக்கும் தருவதே பெரும்பாலான செலவு. பயணத்துக்கு முன் மின்னணு அனுமதி பெற வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து பழைய விசா முறை இல்லை. இந்தியாவுக்குத் திரும்பி வரும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றைக் கேட்பார்கள், ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே அது செல்லும். இதைக் கடைசி வாரம்வரை தள்ளிவைத்துவிட்டுத் தவிப்பவர்கள் அநேகர். பாலித்தீன் பைகள் 2017-இலிருந்து நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டவை; ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் புட்டிகளைப் பூங்காக்களுக்குள் கொண்டுபோகக் கூடாது.

பத்து நாளை நான் பங்கிடும் விதம் இது. நைரோபியில் ஒரு நாள். நைவாஷாவிலும் ஹெல்ஸ் கேட்டிலுமாக இரண்டு நாள். வழியில் எலமென்டைட்டாவைப் பார்த்துக்கொண்டு நகுருவில் ஒரு நாள். பொகோரியாவையும் சேர்த்துப் பரிங்கோவில் நான்கு நாள். திரும்பும் வழிக்கு இரண்டு நாள். எட்டு நாளே உள்ளவர் நகுருவை வெட்டிவிட்டுப் பரிங்கோவை மூன்று நாளாக்கிக்கொள்ளலாம். காடே வேண்டும் என்பவர் பரிங்கோவிலிருந்து மேற்கே கேரியோ பள்ளத்தாக்கைக் கடந்து ககமேகாவுக்குப் போய், கிசுமுவில் விமானம் ஏறி நைரோபி திரும்பலாம். அதற்கு நைவாஷாவைத் தியாகம் செய்ய வேண்டியிருக்கும்.

சாலை வழியே திரும்புபவர்கள் அந்த இரண்டு நாளில் ஒரு காலையைக் கினாங்கோப் மேட்டுப் புல்வெளிக்கு ஒதுக்க வேண்டும். நைவாஷாவுக்குக் கிழக்கே மேலேறினால் வரும் குளிர்ந்த சமவெளி. உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் பயிரிட உழுதது போக எஞ்சிய புல்துண்டுகளில், மஞ்சள் மார்பும் நீண்ட பின்நகமும் கொண்ட ஷார்ப் நீள்நகச் சிட்டு இருக்கிறது. கென்யாவைத் தவிர வேறு நாட்டில் இல்லாத பறவை. வாயிலோ பூங்காக் கட்டணமோ கிடையாது; புல் வைத்திருக்கும் உழவரிடம் அனுமதி கேட்டு, ஆட்டுமந்தைக்கு வழிவிட்டு, பனி ஈரத்தில் கால் நனைய மெதுவாக நடக்க வேண்டும். காலடிக்குச் சற்று முன்னால் அது எழும்பிப் பத்து மீட்டர் பறந்து மறுபடியும் புல்லுக்குள் இறங்கிவிடும். இறங்கிய இடத்தைக் கண்ணால் பிடித்துவைத்துக்கொண்டு அசையாமல் நில்லுங்கள்.